குளிர்காலச் செண்ட், கோடைக்காலச் செண்ட்: வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் எதைப் போடுவது?

செண்ட் பற்றிப் பேசும் காணொளிகளை இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள். எலுமிச்சை, கடல்காற்று மாதிரி மணங்கள் கோடைக்கு, பூக்கள் வசந்தத்துக்கு, வெண்ணிலாவும் மரமணங்களும் குளிருக்கு என்று அவற்றில் ஒரு கணக்கு வருகிறது. அதைக் கேட்டுவிட்டு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு சாரார், "நமக்கு ஏது குளிர்காலம்? இந்தக் கணக்கு வெள்ளைக்காரனுக்கு" என்று தள்ளிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் நாள்காட்டியைப் பார்க்கிறார்கள். டிசம்பர் பிறந்ததும் 'வின்டர்' என்று பெயர் போட்ட புட்டியை வாங்கி, மதியம் இரண்டு மணிக்குக் கழுத்து நிறைய அடித்துக்கொண்டு ஈப்போ பஸ்ஸில் ஏறுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் பாவம், கைக்குட்டையை எடுக்கிறார்.

இரண்டு பேச்சுமே பாதிதான் சரி. செண்ட் விஷயத்தில் 'பருவம்' என்று சொல்வதெல்லாம் சுற்றிவளைத்து வெப்பத்தைச் சொல்வதுதான். செண்ட்டுக்கு மாதம் தெரியாது, தோலின் சூடும் காற்றின் ஓட்டமும்தான் தெரியும். இது புரிந்துவிட்டால் சுங்கை சிப்புட்டிலோ, பீடோரிலோ, பந்திங்கிலோ இருந்துகொண்டே யாரையும் கேட்காமல் சரியான செண்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதை அடியிலிருந்து பார்ப்போம்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

கடையில் விற்கும் ஸ்ப்ரே செண்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், அதாவது எத்தனால். கூடவே கொஞ்சம் தண்ணீர். மிச்சம்தான் மணப்பொருள்கள்: பூ, பழத்தோல், மரம், பிசின் ஆகியவற்றிலிருந்து எடுத்த எண்ணெய்களும் ஆய்வுக்கூடத்தில் செய்தவையும் கலந்திருக்கும். மணப்பொருள்களைக் கரைத்து வைத்திருப்பது, அடித்ததும் தோலில் மெல்லியதாகப் பரப்புவது, பிறகு வழிவிட்டுப் பறந்துபோவது, இவைதான் ஆல்கஹாலின் வேலை. அடித்த உடனே ஜில்லென்று இருப்பதும் மூக்கில் சுருக்கென்று ஏறுவதும் அது போகும்போது நடப்பவை. அந்தச் சுருக்கை வைத்து ஒரு செண்ட்டை எடை போடாதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள்.

புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர், உள்ளே மணப்பொருள் எவ்வளவு என்பதற்கான அடையாளம். கொலோன் என்றால் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு, ஓ ட டுவாலெட் என்றால் 5 முதல் 15, ஓ ட பர்ஃபம் என்றால் 15 முதல் 20, வெறும் பர்ஃபம் என்றால் அதற்கும் மேல். இவை தொழிலில் பழகிவந்த அளவுகள். சட்டம் போட்டு வைத்த எல்லைகள் இல்லை என்பதால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

கொலோன் நம் வீடுகளுக்குப் பழைய சொந்தக்காரன். காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் ஓடிகொலோன் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதேதான். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இத்தாலியிலிருந்து போய்க் குடியேறிய ஃபரீனா குடும்பத்தார் 1709இல் நிறுவிய கடையிலிருந்து அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. எலுமிச்சை வகைப் பழத்தோல்களின் மணம், கொஞ்சமே கொஞ்சம் மணப்பொருள், நிறைய ஆல்கஹால். நெற்றியிலிருந்து ஆல்கஹால் பறக்கும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் அந்தக் குளிர்ச்சி.

வாசனை எப்படி மூக்குக்கு வருகிறது?

நேற்று வைத்த கோழிக்கறி ஐஸ்பெட்டியில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வாசனை பெரிதாக இல்லை. அதையே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் தெரிந்துவிடும். கறி அதே கறிதான், ஒரு கரண்டி மசாலாகூடக் கூடவில்லை. சூடு மட்டும்தான் கூடியது.

இதற்குள்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஒரு பொருள் மணக்க வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத அதன் மிகச் சிறிய துகள்கள் அதைவிட்டுக் கிளம்பி, காற்றில் மிதந்து, மூக்குக்குள் வர வேண்டும். அந்தத் துகளை மூலக்கூறு என்பார்கள். மூலக்கூறுகள் இப்படி எவ்வளவு சுலபமாகக் கிளம்புகின்றன என்பதே அந்தப் பொருளின் ஆவியாகும் தன்மை. கொதித்தால்தான் ஆவியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் என்ற மணப்பொருளின் கொதிநிலை ஏறக்குறைய 176 பாகை செல்சியஸ். ஆனாலும் மேசையில் ஓர் ஆரஞ்சை உரித்தால் அறை முழுக்க மணக்கிறது. கொதிக்காமலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற அதிகமாகக் கிளம்பும். பல மணப்பொருள்களில் 10 பாகை சூடு கூடினால் ஆவியாகும் அளவு சுமார் இரண்டு மடங்காகிறது.

அதே கறியை இன்னொரு தடவை கவனியுங்கள். தாளிக்கும்போது கறிவேப்பிலைதான் முதலில் எட்டுத் தெருவுக்குப் போகும், அது சீக்கிரம் அடங்கியும் விடும். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் நிற்பது பட்டையும் கிராம்பும். செண்ட்டிலும் இதே மாதிரி முந்திக்கொள்கிறவை உண்டு, பின்தங்குகிறவை உண்டு.

மூன்று அடுக்கு மணம்

அடித்தவுடன் முதலில் வருவது மேல் மணம். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்ற பழத்தோல்களும் புதினா மாதிரியான பச்சை மணங்களும் இதில் வரும். சில நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் வரை இருக்கும். அது அடங்கும்போது நடு மணம் எழும். மல்லிகை, ரோஜா போன்ற பூக்களும் ஏலம் போன்ற மசாலாக்களும் இங்கேதான் அதிகம். சில மணி நேரம் நிற்கும். கடைசியாக அடி மணம்: சந்தனம், அகில், வெண்ணிலா, கஸ்தூரி வகைகள், பிசின்கள். இவற்றின் மூலக்கூறுகள் பெரியவையாக இருக்கும், அல்லது ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் மெதுவாகத்தான் கிளம்பும். மறுநாள் சட்டைக் காலரில் மிஞ்சியிருப்பது இந்த அடி மணம்தான்.

இந்த அடுக்குகளுக்கு இடையில் கோடு கிழித்த எல்லை கிடையாது. மூன்றுமே முதல் நொடியிலிருந்து கிளம்பிக்கொண்டுதான் இருக்கும், எது முந்துகிறது என்பதுதான் வித்தியாசம்.

கடையில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். விற்பனைப் பெண் வெள்ளைக் காகிதத் துண்டில் அடித்து நீட்டுவார். நாம் முகர்ந்துவிட்டு, "ஆஹா, எலுமிச்சை மாதிரி ஜோராக இருக்கிறது" என்று காசைக் கொடுத்துவிடுவோம். வாங்கியது அந்த எலுமிச்சையை என்று நினைத்திருப்போம். வீடு வந்து சேரும்போது அது போயிருக்கும். மீதி நாள் முழுக்க நம் கூட வரப்போவது அடியில் இருக்கும் மணம். ஆகவே காகிதத் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, வேறு சாமான் வாங்கிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். பிடித்திருந்தால் திரும்பிப் போய் மணிக்கட்டில் அடித்துப் பாருங்கள், ஏனென்றால் காகிதத்துக்கு உடம்புச் சூடு இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மணம் என்பது கிளம்பிப்போகும் மூலக்கூறுகள். சில சீக்கிரம் கிளம்பும், சில மெதுவாக. சூடு எல்லாவற்றையும் விரட்டும்.

பருவக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பாரிஸ் நகரத்தில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் 5 பாகையை ஒட்டி இருக்கும், ஜூலையில் 20 பாகையைத் தாண்டும். அந்தக் குளிரில் கையும் முகமும் சில்லிட்டுப் போகின்றன, மற்ற இடமெல்லாம் கம்பளிக்குள். தோல் குளிர்ந்தால் மூலக்கூறுகள் சோம்பிக் கிடக்கும். எலுமிச்சை மட்டும் லேசாக எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும், பிறகு ஒன்றும் தெரியாது. அடி மணம் கனமாக உள்ள செண்ட்டைக் கொஞ்சம் தாராளமாக அடித்தால்தான் அடுத்தவருக்கு ஏதாவது எட்டும். கோடையில் அதே செண்ட்டை அதே அளவு அடித்தால் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பித் திகட்டிவிடும். அதனால் அங்கே புட்டியை மாற்றுகிறார்கள்.

அவர்களுக்கு மாதமும் வெப்பமும் சேர்ந்தே மாறுகின்றன, ஆகவே மாதத்தைச் சொன்னாலே போதும். நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. டிசம்பர் என்ற சொல்லை மட்டும் இறக்குமதி செய்து என்ன பயன்? அதன் பின்னால் இருக்கிற 5 பாகை வரவில்லையே.

நம் ஊரில் பருவம் எங்கே இருக்கிறது?

பருவமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, கிளந்தான், திரெங்கானு பக்கம் பெருமழை. மே கடைசி, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒப்பிட்டால் வறண்ட காலம், சில வருஷம் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவில், ஏப்ரலிலும் அக்டோபரிலும், மேற்குக் கரைப் பக்கம் மத்தியானம் வரை கொளுத்திவிட்டு நாலு மணிக்கு இடியோடு கொட்டும். தீபாவளிக்கு வெடி நனைவது நமக்குப் பழக்கமானதுதான். ரப்பர் மரங்கள்கூட ஒரு பருவத்தைக் காட்டும். பிப்ரவரி, மார்ச்சில் வறட்சியாக இருக்கும்போது இலை சிவந்து, உதிர்ந்து, தோட்டம் முழுக்க மொட்டையாக நிற்கும். நம் பிள்ளைகள் காலில் சருகு மிதித்து நடக்கும் இலையுதிர் காலம் அது ஒன்றுதான்.

ஆனால் இத்தனையிலும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. சமவெளியில் எந்த மாதம் எடுத்தாலும் விடியலில் 23, 24 பாகை, மதியத்தில் 32, 33 பாகை. பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 பாகை பதிவானது, அது நாட்டின் உச்சம். அப்படி ஒரு நாள் அபூர்வம். மாதத்துக்கு மாதம் மாறாத வெப்பம் ஒரே நாளுக்குள் 9, 10 பாகை மாறுகிறது. விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகிறவர் ஸ்வெட்டர் போட்டிருப்பார், பத்து மணிக்கு அதைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் தொங்கவிடுவார். அப்புறம் ஏர்கோன் வேறு இருக்கிறது. வங்கி, கிளினிக், தொழிற்சாலை அலுவலகம், பேரங்காடி என்று உள்ளே நுழைந்தால் பத்துப் பாகை குறைந்துவிடும்.

ஆக, நம் பருவங்கள் ஒரே நாளுக்குள் வந்து போகின்றன. செண்ட்டை மாதத்துக்குத் தேர்ந்தெடுக்காமல், அடுத்த நாலைந்து மணி நேரம் எங்கே இருக்கப் போகிறோம் என்பதற்குத் தேர்ந்தெடுத்தால் கணக்கு சரியாக வரும்.

வியர்வைதான் பெரிய ஆள்

காணொளிகளில் அதிகம் பேசாத விஷயம் இது. நமக்கு இதுதான் முக்கியம்.

காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை ஈரப்பதம் என்கிறோம். நம் ஊரில் அது வருஷம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, தோலிலேயே நின்று வழியும். வழியும்போது செண்ட்டையும் கழுவிக்கொண்டு போகும்.

அக்குளில் நடப்பது வேறு. அங்கே சுரக்கும் வியர்வைக்குத் தன்னளவில் பெரிய நாற்றம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. செண்ட் அந்த நாற்றத்தை அழிப்பதில்லை. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை வரும், அது முதல் இரண்டையும்விட மோசம். வெண்ணிலா, கேரமல் போல இனிப்பான அடி மணங்கள் வியர்வையோடு சேரும்போது இது அதிகம் தெரியும். பள்ளிப் பேருந்தில் மதியம் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குளித்து, நன்றாகத் துடைத்து, உலர்ந்த தோலில் அடித்தால்தான் செண்ட்டுக்கு மரியாதை. அக்குளுக்கு அதற்கென்று உள்ளதையே போடுங்கள். டியோடரண்ட் நாற்றத்தைக் குறைக்கும். வியர்வை தடுப்பான் அலுமினிய உப்பின் உதவியால் வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைத்து, வியர்ப்பதையே குறைக்கும். இதை இரவில் படுக்கப் போகுமுன் போட்டால் நன்றாக வேலை செய்யும், அப்போது வியர்வை குறைவு. வெயிலில் ஏற்கெனவே நனைந்துவிட்ட பிறகு மேலே மேலே செண்ட் அடிப்பது காசைக் கரைக்கும் வேலை.

மெதுவாகக் கிளம்புவது வேறு, உரக்க மணப்பது வேறு

'ஹெவி' செண்ட் வெயிலுக்கு ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்துக்குக் காரணமான சந்தலால் பெரிய மூலக்கூறு, மெதுவாகக் கிளம்புவது, அசல் அடி மணம். காணொளிக் கணக்குப்படி அது குளிர்காலத்துக்குப் போக வேண்டும். ஆனால் நாம் தைப்பூச வெயிலில் நெற்றியிலும் மார்பிலும் பூசிக்கொண்டு நடக்கிறோம், யாருக்கும் திகட்டவில்லை. காரணம், சந்தனம் நெடுநேரம் நிற்கும், ஆனால் சத்தம் போடாது. மல்லிகை நேர்மாறு. அது நடு மணம், சந்தனத்தைவிட இலேசானதுதான். ஆனால் ஜன்னல் மூடிய காரில் நாலு முழம் மல்லிகையோடு ஈப்போ வரை போனால் சிலருக்குத் தலைவலி வந்துவிடும். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பூவுக்குச் செழுமை கொடுக்கும், அதிகமானால் மக்கிய வாடை அடிக்கும். சூடான, மூடிய இடத்தில் அது எடுப்பாகத் தெரியும்.

அகிலும் யோசிக்க வைக்கும் பொருள். மலாய்க்காரர்கள் காஹாரு என்று சொல்லும் இது நம் நாட்டுக் காடுகளிலேயே வளரும் கரஸ் மரத்தில் உண்டாவது. மரம் காயப்பட்டு, பூஞ்சை தொற்றி, அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் உள்கட்டையில் ஏறும்போதுதான் மணம் வருகிறது, காயம் படாத மரத்தில் மணம் இல்லை. அகில் புகையில் கூந்தல் உலர்த்தியதைச் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. இன்று அதை மிகவும் விரும்பிப் பயன்படுத்துகிறவர்கள் வளைகுடா நாட்டு மக்கள், அதாவது நம்மைவிடக் கடும் வெயிலில் வாழ்கிறவர்கள். கனமான மணம் வெயிலுக்கு ஆகவே ஆகாது என்றால் அது எப்படி நடக்கும்? அங்கே காற்று பல இடங்களில் வறண்டது, வியர்வை சட்டென்று காய்ந்துவிடும். மணத்தைத் துணியில் புகைபோட்டு ஏற்றுகிறார்கள். எண்ணெயாக இருந்தால் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு செண்ட்டைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள். எவ்வளவு நேரம் நிற்கும்? எவ்வளவு தூரம் போகும்? நம் ஊருக்குப் பெரும்பாலும் வேண்டியது நேரம் நிற்பது, தூரம் போவது குறைவாக இருந்தாலும் நல்லதே.

சரி, எதை எப்போது?

பகலில் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால், கடைத்தெரு, வீட்டு வாசல், பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று, பழத்தோல் மணங்களும் பச்சை மணங்களும் தேநீர் மணங்களும் பொருந்தும். கொலோன் அல்லது டுவாலெட் போதும். இவை சீக்கிரம் போய்விடுமே என்றால், ஆமாம், போய்விடும். சின்னப் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, முகம் கை கழுவித் துடைத்த பிறகு மறுபடி ஒரு தடவை அடித்துக்கொள்ளுங்கள். காலையில் பத்துத் தடவை அடித்து நாளை ஓட்டப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கழுத்தில் அடிக்க வேண்டாம், ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் மணம் அதற்குள்ளேயே சுற்றும். மணிக்கட்டோ சட்டைக்குள் மார்போ சரி.

ஏர்கோன் அறையில் நாள் முழுக்க உட்கார்கிறவர்களுக்கு இருவகை நிலைமை. குளிர் என்பதால் மணம் மெதுவாகத்தான் கிளம்பும், ஆகவே பூவும் மரமும் கலந்த பர்ஃபம் தாங்கும். ஆனால் அந்த அறையில் அதே காற்றுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கிளம்பியது வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். செண்ட் கனமாக இருக்கலாம், அளவு குறைவாக இருக்க வேண்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு அழுத்து. கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் வேலை செய்கிறவர்கள் அடிக்காமல் இருப்பதே நல்லது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே தொல்லை.

கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்றால் ஏற்கெனவே அங்கே பன்னீர், சாம்பிராணி, கற்பூரம், மாலைப் பூ எல்லாம் சேர்ந்து மணந்துகொண்டிருக்கும். அங்கே எதிர்ப்பாட்டுப் பாடும் செண்ட் வேண்டாம். சந்தனமும் ரோஜாவும் உள்ள ஏதாவது ஒன்று அந்த மணங்களோடு சேர்ந்துபோகும். பட்டுப் புடவைமேல் நேராக அடிக்காதீர்கள், கறை விழும், விழுந்தால் போகாது.

மழை நாள் மாலை, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, உறவுக்காரர் வீட்டு விருந்து, இவைதான் நம் 'வின்டர்'. 24, 25 பாகைக்கு இறங்கியிருக்கும், வியர்வை குறைவு. வெண்ணிலா, மசாலா, அகில் எல்லாம் இங்கே அழகாக எழும். உண்மையான குளிர் வேண்டுமானால் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகலாம். அங்கே இரவில் 15, 16 பாகைக்கு இறங்கும். கீழே திகட்டிய செண்ட்டைப் புட்டியோடு எடுத்துப் போய் அங்கே அடித்துப் பாருங்கள், வேறு செண்ட் மாதிரி இருக்கும்.

அத்தர் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் ஊரில் பூக்களைச் செப்புப் பாத்திரத்தில் வடித்து, அந்த மணத்தைச் சந்தன எண்ணெயில் ஏற்றுவது பழைய முறை. ஆல்கஹால் இல்லாததால் சட்டென்று பரவாது, தோலோடு ஒட்டி, நெருங்கி வருகிறவருக்கு மட்டும் மணக்கும். நம் ஈரக் காற்றுக்கு இது நல்ல குணம் என்பது என் கருத்து. பசார் மாலாமில் சின்ன உருளைப் புட்டிகளில் அத்தர் என்று விற்பவை எல்லாம் இந்த முறையில் செய்தவை அல்ல. மணம் பிடித்திருந்தால் வாங்குவதில் தவறில்லை, ஆனால் காதுக்குப் பின்னால் தொட்டு ஒருநாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

மூக்கு ஏமாற்றும்

"அடித்த பத்தாவது நிமிடமே போய்விட்டது, டூப்ளிகேட் போல" என்று புகார் சொல்பவர்கள் நிறைய. பல சமயம் செண்ட் போகவில்லை. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். இதை மணப் பழக்கம் என்று சொல்லலாம். ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்குக் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், வாடை தெரியாது, வெளியூரிலிருந்து வரும் சம்பந்தி வாசலிலேயே மூக்கைப் பிடிப்பார். நம் செண்ட் நமக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான். தெரியவில்லையே என்று இன்னும் ரெண்டு தடவை அடிக்கும்போது, மற்றவர்களுக்கு அது தாங்காத அளவுக்குப் போய்விடுகிறது. வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்: "அக்கா, இன்னும் மணக்குதா?" அவர் பதிலை நம்புங்கள்.

மணிக்கட்டு இரண்டையும் தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று சொல்வது பொய். அவ்வளவு எளிதில் உடையாது. தேய்ப்பதால் கொஞ்சம் சூடேறி மேல் மணம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

வெயிலும் புட்டியும்

சூடு தோலில் இருக்கும் செண்ட்டைக் கிளப்புகிறது. புட்டிக்குள் இருக்கும் செண்ட்டை அது கெடுக்கிறது. வெளிச்சமும் காற்றும் கூடச் சேர்ந்து கெடுக்கும். முதலில் கெடுவது பழத்தோல் மணங்கள். லிமோனின் காற்றோடு சேர்ந்து மாறும்போது உண்டாகும் பொருள்கள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் தரும். காருக்குள் விட்டுவைத்த புட்டியும், ஜன்னல் ஓரத்தில் அழகுக்கு அடுக்கிய புட்டியும் நீண்ட நாள் தாங்காது. துணி அலமாரியின் உள்ளே, அதன் பெட்டியிலேயே வையுங்கள். தகரக் கூரை வீடாக இருந்தால் மேல் தட்டைவிடக் கீழ்த் தட்டு நல்லது. நிறம் கறுத்து, முதலில் வரும் மணம் புளித்த மாதிரி இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வாங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் தூக்கிப் போட வேண்டாம், முகர்ந்து பாருங்கள்.

பெர்கமாட், எலுமிச்சை போன்றவற்றின் இயற்கை எண்ணெய்களில் சில பொருள்கள் உண்டு, அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருமைத் திட்டும் புண்ணும் வரலாம். பெரிய நிறுவனங்கள் அந்தப் பொருள்களை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன, அல்லது அளவைக் கட்டுப்படுத்துகின்றன. இணையத்தில் பார்த்து வீட்டில் எலுமிச்சை எண்ணெய் கலந்து செய்து, அதைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. செண்ட்டில் இருக்கும் ஆல்கஹால் நம் அறைச் சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். சாமி விளக்கு எரியும் அறையிலும் அடுப்பு எரியும் இடத்திலும் அடிக்க வேண்டாம். தீபாவளிக் காலையில் குளித்து, புதுத்துணி உடுத்தி, செண்ட் அடித்துவிட்டு, சட்டை உலர ஐந்து நிமிடம் விட்டு அப்புறம் மத்தாப்பூ கொளுத்தச் சொல்லுங்கள் பிள்ளைகளை.